ஆட்டிசம், ஓவியம், நாற்பது வயதில் கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் வசிக்கும் ஓவியர். எனக்கு ஆட்டிசம் இருப்பது முப்பதுகளின் கடைசியில்தான் உறுதியானது. அதற்குப் பிறகு நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். உடன் படிப்பவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார்கள். ஆசிரியர்களிலும் சிலர் என்னைவிட இளையவர்கள். கண்காட்சிகளில் பலர் என்னைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், தனக்கும் இருக்குமோ என்று யோசிப்பவர்கள், பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோர், எப்போதாவது ஒரு விரிவுரையாளர். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பதில்கள்.

ஓவியம் எனக்கு இயல்பாக வந்தது. அதைச் சுற்றியிருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கங்கள்தான் என்னைத் திணறடித்தன. அவற்றைச் சொல்ல வைக்கலாம், எழுதியே வாங்கலாம் என்று தெரிந்த பிறகு படிப்பு நகர்ந்தது. கீழே இருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இந்த வயதில் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். இளநிலைப் படிப்புகள் சிலவற்றில் வயது வரம்பு உண்டு. அதனால் அந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் முதலில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தாலும் உடனே மூடி வைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 32ஆவது பிரிவு இரண்டு உரிமைகளைத் தருகிறது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு சான்றளிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். உயர்கல்விச் சேர்க்கைக்கான வயது உச்சவரம்பிலும் அவர்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆட்டிசம் இந்தச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஒன்று. சேர்க்கை கவுன்ட்டரில் இருப்பவருக்கு இந்தப் பிரிவு தெரியாமல் இருக்கலாம். அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

சென்னையில் ஓவியம் படிக்க முதலில் நினைவுக்கு வருவது எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, சுடுமண் கலை, துணி வடிவமைப்பு என்று துறைகள் உண்டு. செய்முறைத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் நுண்கலைத் துறை இருக்கிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் காண்கலைப் படிப்பு உண்டு. வளாகத்துக்குப் போய் உட்காரும் தெம்பு இப்போதைக்கு இல்லை என்றால் இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக ஏதேனும் ஒரு பட்டத்தை முடித்துவிட்டு வரலாம். அதைக் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஆட்டிசம் உண்டா என்று எங்கே பார்ப்பார்கள்?

மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரிடமோ தொடங்குங்கள். "பெரியவர்களுக்குப் பார்த்திருக்கிறீர்களா?" என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். குழந்தைகளை மட்டுமே பார்த்துப் பழகியவர், நீங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், அதனால் ஆட்டிசம் இல்லை என்று சொல்லி அனுப்பக்கூடும். நாற்பது வருடம் பழகிப் பழகி வெளியே தெரியாமல் வைத்திருப்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அதிகம் நடக்கிறது. சின்ன வயதிலிருந்தே "அடக்கமான பொண்ணு", "கூச்ச சுபாவம்" என்று நம்மைப் பற்றி ஊரே ஒரு விளக்கம் வைத்திருக்கும்.

அரசு தரப்பில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன.

பரிசோதனையின்போது உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள். அம்மா அப்பா இல்லையென்றால் அத்தை, சித்தி, அண்ணன், பக்கத்து வீட்டில் வளர்ந்த தோழி என யாரையாவது அழைத்துப் போகலாம். பழைய மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட உதவும். நான் எழுதிக்கொண்டு போனேன்: என்ன துணி உடம்பில் பட்டால் தாங்காது, என்ன விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினேன், கல்யாண வீடுகளில் எங்கே போய் ஒளிந்துகொண்டேன் என்றெல்லாம். நேரில் கேட்டால் பாதி மறந்துபோகும். எழுதியதைக் கொடுத்துவிடுவது நல்லது.

சான்றிதழும் அட்டையும் கட்டாயமா?

மருத்துவர் உறுதிசெய்வதும் அரசுச் சான்றிதழ் வாங்குவதும் தனித்தனி. இட ஒதுக்கீடு, வயதுத் தளர்வு, உதவித்தொகை வேண்டுமானால் சான்றிதழும் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் போக வேண்டியிருக்கும். ஆட்டிசத்துக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவருவது ஐஎஸ்ஏஏ எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். அதில் 40 கேள்விகள்; 70 மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. குழந்தைகளையும் இளையோரையும் மனத்தில் வைத்து உருவாக்கிய அளவுகோல் அது. வேலைக்குப் போய், வீடு நடத்தி, படமும் வரையும் ஒருவர் அதில் குறைந்த மதிப்பெண் வாங்குவது நடக்கிறது. அதனால் நீங்கள் படும் சிரமம் பொய்யாகிவிடாது.

சான்றிதழில் 40 சதவீதம் வராதவர்களும் கல்லூரியில் மாற்று ஏற்பாடு கேட்கலாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. கையால் எழுதச் சிரமப்படும் ஒரு தேர்வர் உதவியாளர் கேட்ட வழக்கு அது. 40 சதவீதம் என்ற வரம்பு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கானது, அதைக் காட்டித் தேர்வில் நியாயமான மாற்று ஏற்பாட்டை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கின் பெயரை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சொல்ல வேண்டுமா? சொன்னால் பேச்சு பரவாதா?

சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஏற்பாடு ஏதாவது வேண்டுமென்றால் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கருத்து: துறைத் தலைவரிடமும் கல்லூரியின் சம வாய்ப்புப் பிரிவிடமும் எழுத்தில் சொல்லுங்கள். வகுப்பு முழுக்க அறிவிக்கத் தேவையில்லை.

பரவும் என்ற பயம் நியாயமானது. பெண்களைப் பெற்றவர்கள் என்னிடம் மெதுவாகக் கேட்பது இதைத்தான்: "நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தா?" வீட்டில் இன்னும் கல்யாணமாகாத தங்கை இருந்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். அதை அற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். கடிதத்தின் கடைசியில் "இந்தத் தகவலை என் அனுமதியின்றிப் பிறரிடம் பகிர வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். எழுத்தில் இருக்கும் வரிக்கு மதிப்பு உண்டு. அதே நேரம், சொல்லாமலே பல ஆண்டுகள் சமாளித்து உடம்பு ஓய்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். முதல் பருவம் முடிவதற்குள் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

என்னென்ன கேட்கலாம்?

"எனக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்டால் நல்ல மனம் உள்ளவர்கள்கூட என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். முதுநிலை ஓவிய மாணவி ஒருவரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கு, எனக்கு ஆட்டிசம் உள்ளது. மருத்துவர் அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அடிப்படையில் பின்வரும் ஏற்பாடுகளைக் கோருகிறேன். ஸ்டுடியோவில் ஆண்டு முழுவதும் ஒரே இடம், முடிந்தால் சுவரோரம். ஒவ்வொரு வேலைக்கும் அளவு, ஊடகம், கடைசித் தேதி, எதைப் பார்த்து மதிப்பெண் தருவார்கள் என்பது எழுத்தில். நேரமோ அறையோ மாறினால் முந்தைய நாளே குறுஞ்செய்தி. வேலை செய்யும்போது காதடைப்பான் அணிய அனுமதி. சத்தமோ கூட்டமோ தாங்க முடியாதபோது காரணம் கேட்காமல் பத்து நிமிடம் வெளியே போய் வர அனுமதி. கலை வரலாற்றுத் தேர்வில் கூடுதல் நேரமும் சிறிய அறையும்."

கூடுதல் நேரம் எவ்வளவு என்று கேட்டால், மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக வெளியிட்ட தேர்வு நெறிமுறைகளைக் காட்டலாம். சான்றிதழ் உள்ளவர்களுக்கு மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதல் என்று அதில் இருக்கிறது.

ஸ்டுடியோவுக்கே உரிய சில சங்கடங்கள் மற்ற படிப்பு படித்தவர்களுக்குத் தெரியாது. எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனின் வாசனை ஒன்று. மூக்கு கூர்மையாக உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் தலை கனத்துவிடும். ஜன்னலோர இடம் கேளுங்கள், அல்லது அக்ரிலிக்கிலோ தண்ணீரில் கரையும் எண்ணெய் வண்ணத்திலோ செய்ய அனுமதி கேளுங்கள். துடிக்கும் டியூப்லைட் இன்னொன்று. பக்கத்து அறையில் சிற்பத் துறை இருந்தால் உளிச் சத்தம் மதியம் முழுக்கக் கேட்கும். அவர்கள் நேர அட்டவணையை வாங்கி வைத்துக்கொண்டு, நுணுக்கமான வேலையை அந்த நேரத்துக்கு வெளியே தள்ளுங்கள். களிமண்ணும் கரித்தூளும் கையில் ஒட்டுவது சிலருக்குத் தாங்காது, சிலருக்கு அதுதான் மருந்து. உங்களுக்கு எது என்று சேர்வதற்கு முன்பே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருகைப் பதிவைப் பற்றியும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். 75 சதவீத வருகை என்ற விதி பல இடங்களில் உண்டு. உடம்பு ஓய்ந்து நான்கு நாள் எழுந்திருக்க முடியாமல் போனால் எந்தச் சான்றை ஏற்றுக்கொள்வார்கள் என்பது அந்த நான்கு நாள் வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வேலையைச் சுவரில் மாட்டி எல்லோர் முன்னாலும் விமர்சிப்பார்களாமே? அதை எப்படித் தாங்குவது?

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ரிவ்யூ நாளில் பேராசிரியர் படத்தின் முன் நின்று, "இன்னும் கொஞ்சம் லூஸா பண்ணும்மா" என்பார். "உயிர் வரலையே" என்பார். "யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார். சுற்றி நிற்கும் இளையவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குப் புரிந்ததா, புரிந்த மாதிரி நிற்கத் தெரிந்ததா என்பது வேறு விஷயம். எனக்கு அந்த வாக்கியங்களில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. கோடு தளர வேண்டுமா, தூரிகை பெரிதாக வேண்டுமா, இடையில் வெற்றிடம் வேண்டுமா?

கேட்கலாம். கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகிவிடுமோ என்று நம் ஊரில் தயங்குவோம், அதுவும் வயதில் மூத்த மாணவி கேட்டால் ஆசிரியருக்குச் சங்கடமாகும் என்று தோன்றும். ஆகவே, கேட்கப் போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "சார், நீங்க சொல்றது எனக்கு நேரடியாச் சொன்னாத்தான் விளங்கும். அதனால படத்துல எந்த இடம்னு கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க." இப்படி ஒருமுறை தனியாகச் சொன்ன பிறகு, ரிவ்யூவில் நான் கையை உயர்த்தினால் அவரே படத்தின் அருகே போய் விரலால் காட்டுவார். "லூஸா" என்றால் பின்னணியின் விளிம்புகள் எல்லாமே கத்திபோல இருக்கின்றன, இரண்டை மட்டும் கூர்மையாக விட்டு மற்றவற்றைக் கரைத்துவிடு என்று அர்த்தமாம். அது எவ்வளவு நல்ல அறிவுரை! சொல்லப்பட்ட பிறகு அதை வைத்து மூன்று மாதம் வேலை செய்தேன்.

விமர்சனத்தைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். நிற்கும்போது பாதி காதில் ஏறாது. வீட்டில் கேட்டால் ஏறும். உங்கள் படத்தைப் பற்றி நின்ற இடத்தில் பேசச் சொன்னால் வாய் கட்டிப்போகிறது என்றால், ஒரு பக்கம் எழுதிப் படத்தின் அருகில் ஒட்டிவிடலாமா என்று கேளுங்கள். எழுதிக் காட்டுவதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் புரியாமை ஒருதலைப்பட்சமானதல்ல என்று 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் அவர். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் விளங்காததைப் போலவே, மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவர் விளங்குவதில்லை என்பது அவர் வாதம். ரிவ்யூ அறையில் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்வது எனக்குத் தெம்பு தருகிறது. புரியவைக்கும் வேலையில் பாதி எதிரில் நிற்பவருடையது.

வெளியில் போய் ஸ்கெட்ச் செய்யச் சொன்னால்? கூட்டம் தாங்காதே.

எழும்பூர் ரயில் நிலையம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், மயிலாப்பூர் குளக்கரை என்று அனுப்புவார்கள். சென்னையை வரையக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதனால் முழுதாக விலக்குக் கேட்க நான் சொல்ல மாட்டேன். நேரத்தை மாற்றிக் கேளுங்கள். குளக்கரையில் விடிகாலையில் கோலம் போடுகிறவர்களும் பூக்காரம்மாவும் மட்டும் இருப்பார்கள். காசிமேடு நேர்மாறு: விடிகாலையில்தான் ஏலமும் கூச்சலும், மதியத்துக்கு மேல் வலை பின்னுகிறவர்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம் எனக்குப் பிடித்த இடம். நடராசரின் தூக்கிய காலை ஒரே கோட்டில் பிடிக்க முயன்று ஒரு நாள் முழுக்க இருக்கலாம். வார நாட்களில் அவ்வளவாகத் தொந்தரவு இராது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

வரைந்துகொண்டிருக்கும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா வரையுற, என்னை வரைவியா?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் அந்த ஒரு கேள்வியில் கவனம் அறுந்துபோகும். ஒரு பதிலை முன்பே தயார் செய்து வையுங்கள். "காலேஜ் வேலைண்ணா, நேரத்துக்கு முடிக்கணும்" என்பது என் பதில். காதடைப்பான் போட்டிருந்தால் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

ஆட்டிசம் இருந்தால் அபார ஓவியத் திறமை இருக்கும் என்கிறார்களே?

சிலருக்கு இருக்கிறது. லண்டன்காரர் ஸ்டீபன் வில்ட்ஷயர் ஹெலிகாப்டரில் ஒருமுறை நகரத்தைப் பார்த்துவிட்டு நினைவிலிருந்தே கட்டடம் கட்டடமாக வரைகிறார். எனக்கு அது வராது, எனக்குத் தெரிந்த பெரும்பாலானோருக்கும் வராது. உங்கள் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே விஷயத்தையே வரைகிறேன். மாற்றச் சொல்கிறார்கள். மாற வேண்டுமா?

பாடத்திட்டம் கேட்கும் பயிற்சிகளைச் செய்துவிடுங்கள். நிழலும் உடற்கூறும் கற்காமல் தப்ப முடியாது. உங்கள் சொந்த வேலையில் யாருக்காகவும் மாற வேண்டாம்.

நான் பல ஆண்டுகளாகப் பழைய மாம்பலம், திருவல்லிக்கேணி வீடுகளின் இரும்பு கிரில் கதவுகளை வரைகிறேன். வளைவு, பூட்டு, துரு, உள்ளே தெரியும் செருப்பு வரிசை. "இன்னும் கிரில் கேட்தானா?" என்று உடன் படிப்பவர்கள் கேட்பார்கள். இன்னும் தீரவில்லை. கவனம் முழுவதும் ஒரே கால்வாயில் பாய்வதுதான் ஆட்டிசத்தின் மையம் என்று டைனா முர்ரே உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். என் அனுபவத்துக்கு அவ்வளவு பொருந்திய விளக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. கால்வாயை மறித்தால் கவனம் வேறு பக்கம் போகாது, வற்றிவிடும்.

ஆட்டிசத்தோடு தொடர்பில்லாத ஓவியர்களும் இப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள். பணிக்கர் எழுத்துகளும் குறியீடுகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த தன் ஓவிய வரிசையை 1963இல் தொடங்கி 1977இல் இறக்கும் வரை தொடர்ந்தார். ஆசிரியர் அடுத்தமுறை மாற்றச் சொன்னால், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய் அவர் படங்களைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். ஒரே பொருளுக்குள் என்ன மாறுகிறது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அதைக் காட்டினால் எந்த நல்ல ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர் என்பதால் ஆட்டிசத்தைப் பற்றித்தான் வரைய வேண்டும் என்பதில்லை. கண்காட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் சிலர் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

என் பிள்ளை வயதுக்காரர்களோடு எப்படிப் பழகுவது?

"அக்கா" என்று கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது, ஏனென்றால் அக்காவுக்கு ஓர் இடம் உண்டு. அரட்டைக்கு எல்லா நேரமும் வர வேண்டியதில்லை, கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்தி வரும். "கிளாஸ் விஷயம் மட்டும் எனக்குத் தனியா அனுப்பும்மா" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன், இன்றுவரை அனுப்புகிறாள். பதிலுக்கு அவளுக்குக் கேன்வாஸ் இழுத்து ஆணி அடித்துக் கொடுக்கிறேன்.

பணத்துக்கு என்ன வழி?

உதவித்தொகைகளில் பல இளையவர்களுக்கானவை. வயது வரம்பைப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். மத்திய கலாசார அமைச்சகத்தின் ஃபெலோஷிப் திட்டத்தில் 25 முதல் 40 வயது வரை ஜூனியர், 40க்கு மேல் சீனியர் என்று இரண்டு பிரிவு உண்டு. மாதம் 10,000, 20,000 ரூபாய் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆய்வுத் திட்டம் ஒன்றுக்காகத் தருவது அது. படிப்பை முடித்ததும் விண்ணப்பிக்க ஏற்றது. வேலை செய்ய இடம் வேண்டுமென்றால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் விசாரியுங்கள்.

சப்மிஷன் முடிந்ததும் ஒரு வாரம் பேசவே முடிவதில்லை. இது சோம்பலா?

இல்லை. பல வாரம் சத்தம், வெளிச்சம், மனிதர்கள் என்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த உடம்பு அப்படியே நின்றுபோகிறது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இந்தத் தேதிக்குப் பிறகு ஒரு வாரம் விருந்தாளி வேண்டாம், விசேஷத்துக்கு நான் வரமாட்டேன், கேள்வி இருந்தால் எழுதிக் கேளுங்கள் என்று. மாமியார் வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். கணவரையோ கூடப் பிறந்தவரையோ உங்களுக்காகச் சொல்ல வைக்கலாம்.

ஒரு வாரம் மாதமாக நீண்டால், தூரிகையையே தொடப் பிடிக்காமல் போனால், வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அது ஓய்வால் மட்டும் தீராது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கேட்டதைக் கல்லூரி மறுத்துவிட்டால்?

வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பதில் மாறிவிடும். மாறாவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுங்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. ஒவ்வொரு கடிதத்திலும் தேதியும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வையுங்கள்.

நான் ஓவிய ஆசிரியர். என் வகுப்பில் இப்படி ஒருவர் இருக்கிறார். என்ன செய்ய?

கேட்டதற்கு நன்றி. அவர் கண்ணைப் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் பதில் வரும்வரை அமைதியாக இருங்கள். அதே கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டால் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். படத்தைப் பற்றிச் சொல்லும்போது படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எல்லா மாணவர்களுக்கும் அது பயன்படும்.

என் மகனுக்கு 19 வயது. பேச்சு குறைவு, நாள் முழுக்க வரைகிறான். கல்லூரிக்கு அனுப்பலாமா?

முதலில் அவனுக்கு விருப்பமா என்று தெரிய வேண்டும். பேசாதவர்களிடமும் கேட்க வழி இருக்கிறது. கல்லூரி வளாகத்தின் படங்களையும் வீட்டில் அவன் வரையும் மூலையின் படத்தையும் முன்னால் வைத்துப் பாருங்கள். விடுமுறை நாளில் ஒருமுறை, வகுப்பு நடக்கும் நாளில் ஒருமுறை அழைத்துப் போங்கள். இரண்டாவது முறை அவன் எங்கே நிற்கிறான், எதைப் பார்க்கிறான், எப்போது வாசலுக்கு இழுக்கிறான் என்று கவனியுங்கள். எழுத்து வழியாகவோ செயலி வழியாகவோ சொல்லத் தெரிந்தவன் என்றால் நேரடியாகவே கேளுங்கள், பதிலுக்கு நாட்கணக்கில் காத்திருங்கள்.

அவன் வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டம் இல்லாமலும் ஓவியராக இருக்கலாம். வேண்டும் என்றால், இட ஒதுக்கீட்டுக்கான சான்றிதழை விண்ணப்பம் வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பே வாங்கத் தொடங்குங்கள். செய்முறைத் தேர்வில் தெரியாத அறையில், தெரியாத பொருளை, குறிப்பிட்ட நேரத்துக்குள் வரைய வேண்டியிருக்கும். வீட்டில் வேறு வேறு அறைகளில் உட்கார்த்தி, கடிகாரம் வைத்து, சொம்பு, துணி மடிப்பு, செங்கல், வாழைப்பூ என்று மாற்றி மாற்றி வைத்துப் பழக்குங்கள். தேர்வு நாளில் கூடுதல் நேரமும், அவனுக்குப் பழக்கமான ஒருவர் அறை வாசல்வரை வருவதற்கு அனுமதியும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். புதுப் பென்சில் பெட்டி வாங்கித் தராதீர்கள். அவன் தினமும் வரையும் பென்சில்களையே கொடுத்தனுப்புங்கள்.